ஹெப்பகோடி கிதாரும் என் வயிற்றெரிச்சலும்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு மாடி அறையில் கைகலப்பு நடந்திருக்க வேண்டியது. எப்படியோ தப்பியது.

சொத்துத் தகராறு இல்லை. காவிரிகூட இல்லை. ஒரு கிதார் துண்டு! கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அது ஒரிஜினலா, காப்பியா? இதுதான் பிரச்னை.

சண்டை போட்டவர்கள் காலேஜ் பையன்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் காதோரம் நரைத்துவிட்டது. கன்னடக்கார நண்பன் பிரகாஷின் வீட்டு மாடியில் ஞாயிறு காலைகளில் கூடுவோம். அவன், நான், பேங்கில் வேலை பார்க்கும் வெங்கட். ராக் கேசட் போட்டுக் கேட்போம். அப்புறம் அதைப் பற்றிக் கத்துவோம். பிரகாஷின் அம்மா காபி கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்.

ஆனால், விஷயம் ஆரம்பித்தது மல்லேஸ்வரத்தில் இல்லை. அல்சூரில், எங்கள் வீட்டுச் சமையலறையில்.

என் மனைவி சுமதிக்கு ராக் என்றால் மிக்ஸி சத்தம். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவளுடைய தீர்ப்பு. நானும் எவ்வளவோ முயன்றேன். எனக்கு உயிரான பாட்டுகளை எல்லாம் போட்டுக் காட்டினேன். "சரி, கொஞ்சம் சின்னதா வைங்க" என்பாள். அவ்வளவுதான் விமர்சனம்.

அப்படிப்பட்டவள் போன மாதம் ஒருநாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். சினிமாப் பாட்டு இல்லை. பக்திப் பாட்டு இல்லை. கிதார்! வாயாலேயே எலெக்ட்ரிக் கிதார் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

"எங்க ஆபீஸ் தினகரோட பாட்டு. சூப்பரா இருக்குங்க. நீங்க கேட்டதில்ல?"

நான் கேட்டதில்லை. இந்த ஊரில் எனக்குத் தெரியாத ராக் பாட்டு ஒன்று இருக்கிறது – அதை என் மனைவி எனக்குச் சொல்கிறாள்! அன்றைக்கு பீன்ஸ் தொண்டையில் இறங்கவில்லை.

அப்புறம் பார்த்தால் எங்கு திரும்பினாலும் அவன்தான். பேண்டின் பெயர் ஹெப்பகோடி எக்ஸ்பிரஸ். தினகரின் அப்பா ஊருக்கு வெளியே ஹெப்பகோடிப் பக்கம் ஃபேக்டரி தொழிலாளி, சேலத்துக்காரர். பையன் சுமதியின் ஆபீஸில் கிளார்க். காலேஜ் பிள்ளைகள் பையில் அந்தப் பெயரைப் பேனாவால் எழுதிக்கொண்டு அலைகிறார்கள். இங்கிலீஷ் பேப்பர் ஒன்றில் அரைப் பக்கம் கட்டுரை. யாரையும் பார்த்துச் செய்யாத, பெங்களூரின் சொந்தக் குரலாம்!

சுமதி அந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டாள். நானும் இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். என்றைக்காவது கத்தரிக்கோலைத் தேடியிருக்கிறாளா?

அவளிடமிருந்து கேசட்டை வாங்கிப் போட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன், மறைப்பானேன்? பாட்டு தொடங்கியது... கிதார் வந்தது... எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இதை நான் கேட்டிருக்கிறேன்!

இங்கிலாந்தில் ஏதோ ஒரு சின்ன ஊர் பேண்ட். ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள். காலேஜ் நாட்களில் பழைய கேசட் கடையில் கிடைத்தது. என் கணிப்பில் இந்த ஊரில் அதை வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். அலமாரியிலிருந்து எடுத்தேன். போட்டேன். அதேதான்! எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே... இன்கிரிமென்ட் வந்தபோதுகூட அப்படித் துள்ளியதில்லை.

இரண்டு கேசட்டையும் எடுத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமை பிரகாஷ் வீட்டுக்குப் போனேன். அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன்.

"பாத்தீங்களா? அப்பட்டமான திருட்டு. இதுக்குப் போய் சொந்தக் குரலாம்!"

"நானும் அதான் நினைச்சேன். எல்லாம் பேப்பர்காரங்க ஊதிவிட்ட பலூன்" என்றான் வெங்கட். என்ன நல்ல மனிதன்!

பிரகாஷ் மட்டும் மறுபடி போடச் சொன்னான். கண்ணை மூடிக் கேட்டான். தலையை ஆட்டினான்.

"இல்ல குரு. ஆரம்பம் ஒண்ணுதான். ஆனா உன் ஆளுங்க மேல போறாங்க. இவன் பாதியில நின்னு கீழ எறங்குறான். அங்கதான் பாட்டே இருக்கு."

"எறங்கினா? அடுத்தவன் வீட்டைத் தூக்கிட்டு வந்து ஜன்னலை மாத்தி வெச்சா சொந்த வீடாயிடுமா?"

"நீ தலையில தூக்கி வெச்சு ஆடுறியே, அந்த வெள்ளைக்காரங்க யார்கிட்டேருந்து எடுத்தாங்க? அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க வாசிச்சதுதானே? அப்ப அவங்களும் திருடனுங்களா?"

"அது இன்ஸ்பிரேஷன்!"

"ஓஹோ. லண்டன்ல எடுத்தா இன்ஸ்பிரேஷன், ஹெப்பகோடியில எடுத்தா திருட்டா? சும்னே கூச்சல் போடாத. உனக்கு அந்தப் பையன்மேல என்ன கோபம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெங்கட் முந்திக்கொண்டான். "வேற என்ன? இவன் வீட்டுல அந்தப் பாட்டைத்தான் பாடறாங்களாம்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் எழுந்து பிரகாஷின் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. விட்டுவிட்டு, கேசட்டுகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சுமதியிடம் கொட்டினேன். உன் தினகர் திருடன், இதோ சாட்சி! அவள் கத்தவில்லை. "என்கிட்ட ஏன் சொல்றீங்க? அவனையே கூட்டிட்டு வரேன். நேரா கேளுங்க" என்றாள்.

சொன்னபடி செவ்வாய்க்கிழமை ஆபீஸ் விட்டதும் கையோடு அழைத்து வந்துவிட்டாள். நீள முடி, தோல் ஜாக்கெட் என்று நான் கற்பனை செய்திருந்த வில்லன், தலையைப் படிய வாரி, டிபன் பாக்ஸோடு வந்து சோபா நுனியில் உட்கார்ந்தான்.

"தம்பி, ஒரு பாட்டு போடறேன். கேளுங்க."

கேசட்டைத் தட்டினேன். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியர்க்கும், உளறுவான், எழுந்து ஓடுவான்...

அந்த கிதார் வந்ததும் அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான். கண் கலங்கிவிட்டது.

"சார்... இது எங்க சார் கெடைச்சுது உங்களுக்கு?"

பள்ளிக்கூடம் படிக்கும்போது அப்பாவின் பழைய ரேடியோவில் ஷார்ட்வேவில் ஒரே ஒரு தடவை கேட்டானாம். பாட்டு வருவதும் போவதுமாக இருந்ததாம். யார் பாடியது என்று சொல்லும்போது சரியாக ஸ்டேஷன் கரகரத்துவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ பேரிடம் வாயால் வாசித்துக் காட்டிக் கேட்டிருக்கிறான். யாருக்கும் தெரியவில்லை.

"பாதிதான் சார் காதுல விழுந்துச்சு. பாதி வெறும் கரகரப்பு. கிதார் கத்துக்கிட்டதும் அந்தப் பாதியை வெச்சுத் தேடினேன். மிச்சம் கெடைக்கல. நானே போட்டுக்கிட்டேன்."

மறுபடி கேட்டான். திடீரென்று சிரித்தான். "ஐயோ, இங்க மேல போகணுமா! இத்தனை நாளா தப்பாவா சார் வாசிச்சிட்டிருக்கேன்?"

சிரிப்பு சட்டென்று நின்றது. முகம் விழுந்துவிட்டது. "அப்போ நான் காப்பியடிச்சவன்தானே? சனிக்கிழமை புரோகிராம் இருக்கு. இனிமே எந்த முகத்தோட வாசிக்கிறது? நீங்களே சொல்லுங்க சார். பெங்களூர்ல உங்க அளவுக்குக் கேட்டவங்க யாருமில்லன்னு அக்கா ஆபீஸ் பூரா சொல்லி வெச்சிருக்காங்க."

நான் சுமதியைப் பார்த்தேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது என்ன சொல்வது? "ஆமாம், காப்பிதான்" என்று ஒரு வார்த்தை போதும். பையன் அந்தப் பாட்டையே விட்டுவிடுவான். நான் ஜெயித்துவிடலாம். ஒரு மாதமாக அதற்குத்தானே அலைந்தேன்?

இரண்டையும் இன்னொரு தடவை போட்டேன். இந்த முறை குறை தேடாமல் கேட்டேன். சீமைக்காரர்கள் மேலே போனார்கள், எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரிந்த இடத்துக்கு. தினகர் பாதியில் நின்றான். கீழே இறங்கினான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஆரம்பம் அவங்களுது. எறங்குற இடம் உன்னுது. அதுதான் நல்லா இருக்கு" என்றேன். 'உங்க' எப்போது 'உன்' ஆனது என்று தெரியவில்லை. கேசட்டையும் கொடுத்தனுப்பினேன்.

நேற்று சாயங்காலம் காலேஜ் மைதானத்தில் நிகழ்ச்சி. நாங்கள் இருவரும் போனோம். பிரகாஷும் வந்திருந்தான். முதல் வேலையாகப் போய் அவன் காலரைச் சரிசெய்துவிட்டேன். "பரவாயில்ல பிடு" என்றான். அவன் கன்னடத்தில் 'பிடு' என்றால் 'விடு'.

தினகர் மைக்கைப் பிடித்து அந்த இங்கிலாந்து பேண்டின் பெயரைச் சொன்னான். இந்தப் பாட்டில் பாதி அவர்களுடையது என்றான். கூட்டம் ஒரு விநாடி முழித்தது. அடுத்த விநாடி அவன் வாசிக்க ஆரம்பித்தான், அவ்வளவுதான் – மைதானமே எழுந்துவிட்டது. ஒரிஜினலாவது, காப்பியாவது! பக்கத்தில் சுமதியும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறீர்களா? எங்கே தீர்ந்தது? இடம் மாறியிருக்கிறது. அந்தப் பாட்டை நான் வருஷக்கணக்காக ஒரு சுரம் பிசகாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். என்ன பிரயோஜனம்? எல்லாம் சரியாகத் தெரிந்தவனுக்கு இட்டு நிரப்ப ஓர் இடமும் மிஞ்சுவதில்லை. பாதி கேட்டவன்தான் மீதியைத் தேடிப் போகிறான்.

எங்கள் வீட்டு டேப் ரிகார்டர் மட்டும் ஏன்தான் அவ்வளவு துல்லியமாகப் பாடித் தொலைத்ததோ!