பவுனு சாப்பிட்டாளா?

செல்வமேரி டீச்சர் வீட்டு நாய் தவக்காலத்துக்கு ஒருசந்தி விரதம் இருக்கிறதாம். சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் ரகுபதி சொன்னான். அவனுக்கு யாரோ ஒரு கண்டக்டர் சொன்னாராம். உண்மையில் அந்த நாய், பவுனு, பட்டினி கிடந்தது நான்கு நாள். பேச்சு பஸ் ஏறி இறங்குவதற்குள் நாற்பது நாளாகிவிட்டிருந்தது.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நாய்க்குச் சோறு வைப்பவரே அவர்தான். ரோட்டோரக் கம்பெனியில் கேன்டீன் மாஸ்டர். டீச்சருக்குப் பக்கத்து வீடு. வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லியும், பவுனுவை யார் பார்ப்பது என்றே ஒரு வருஷம் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர் டீச்சர். முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுகிறவன் ஒரு நாய்க்குப் போடமாட்டேனா என்று சொல்லி, மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டது தணிகாசலம்தான்.

அவர் தகவல் சொல்வதற்கு முன்னால் வதந்தி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. டீச்சரின் தங்கை லூர்தம்மாள் காலையில் டீக்கடைக்குப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து, வார்டு போன் நம்பரையும் சேதியையும் சொல்லி வைத்திருந்தார். நாளைக் காலை ஆபரேஷன். பவுனு சாப்பிட்டாள் என்று ஐந்து மணிக்குள் தகவல் வராவிட்டால், அக்கா துணிப்பையோடு கிளம்பிவிடுவாள். இந்தத் தடவை விட்டால் அப்புறம் வரவே மாட்டாள்.

முதல் நாள் கறி எலும்பு, மறுநாள் நெத்திலிக் கருவாடு, அதற்கு மறுநாள் பாலில் ஊறிய பன். பவுனு முகர்ந்து பார்க்கும், தணிகாசலத்தின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும், இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். பதினெட்டு வருஷத்தில் அவர் சமையலை இப்படி ஒருத்தரும் அவமதித்ததில்லை. ஷிஃப்டில் கடைசி ஆள் கை கழுவும்வரை தன் வாயில் ஒரு பருக்கை போடாதவர் அவர். மாஸ்டருக்கு அதுதான் மரியாதை. நாய்க்கும் அப்படியே தட்டை வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்.

அன்று ஓவர்டைம் ஆட்கள் சாப்பிட்டு முடிக்கவே மூன்றரை ஆகிவிட்டது. டீச்சர் வீட்டுக்கு வந்து முட்டைச் சோறு வைத்தார். பவுனு முகர்ந்தது, அவரைப் பார்த்தது, படுத்தது. விடியற்காலை குடித்த டீயோடு நின்றவருக்குத் தலை சுற்றியது. படியில் உட்கார்ந்து தன் கேரியரைத் திறந்தார்.

“நீ துன்னா துன்னு, துன்னாட்டிப் போ. எனுக்குக் கண்ணு இருட்டிக்கினு வருது.”

ஒரு கவளம் சாம்பார் சோறு உள்ளே போயிற்று. பக்கத்தில் சளக் சளக் என்று சத்தம். திரும்பினார். பவுனுவின் மூக்கு தட்டுக்குள் இருந்தது. அவர் கை நின்றதும் அதுவும் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தது. இன்னொரு கவளம் போட்டார், அதுவும் குனிந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தனிக்கட்டையான டீச்சர் தினமும் இதோடு உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்க வேண்டும். கூட ஒருத்தர் வாயில் வைக்காமல் இது வைக்காது. நீ முதலில், நீ முதலில் என்று மரியாதை பார்த்தே இரண்டு பேரும் நான்கு நாளை ஓட்டியிருக்கிறார்கள்.

“மாஸ்டரையே பந்தியில ஒக்கார வெச்சிட்டியேடி,” என்றார். பசி போன பிறகும், அது தட்டைக் காலி செய்யட்டும் என்று மெதுவாக மென்றுகொண்டே இருந்தார்.

கை கழுவியும் கழுவாமலும் பூத்துக்கு ஓடினார். மணி நாலு நாற்பது. பூத்தில் இருந்த சத்யப்பிரியா நம்பரைச் சுழற்றிவிட்டுக் காதில் வைத்துப் பார்த்தாள்.

“அடிக்குது மாஸ்டர், யாரும் எடுக்கல.”

“நர்ஸம்மா டீக்குப் போயிருக்கும். இன்னொரு தபா போடும்மா.”

மறுபடி சுழற்றி ரிசீவரை அவரிடமே கொடுத்தாள். நாளையிலிருந்து கேரியரில் இரண்டு பேருக்குமாகக் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்று கணக்குப் போட்டபடி, முதலில் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். மெட்ராஸில் எங்கோ ஒரு மேஜைமேல் மணி அடித்துக்கொண்டே இருந்தது.