மேட்டில் கறுத்துப்போகும் திரை

கிராபிக்ஸ் கார்டு பழுது பார்க்கிறவனுக்கு முதலில் வேண்டியது, ‘நான் ஒண்ணுமே பண்ணல’ என்று சொல்கிறவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கிற பொறுமை.

என் கடை ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கணினி வளாகத்தின் மேல்மாடியில் இருக்கிறது. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. கம்ப்யூட்டரைச் சுமந்துகொண்டு படியேறுகிறவர்கள் வாசலுக்கு வரும்போதே கடுகடுவென்றுதான் வருவார்கள். கவுண்டரில் சாந்தி, உள்ளே நான், அவ்வளவுதான் கடை. விளையாட்டுப் பிரியர்கள் ஆசை ஆசையாய் வாங்குகிற பெரிய கார்டுகள்தான் எங்களுக்குச் சோறு. திரையில் தெரிகிற படத்தையெல்லாம் வரைந்து தள்ளுவது அந்தக் கார்டு. அதனால் திரையில் எது கெட்டாலும் பழி அதன் தலையில், அப்புறம் என் தலையில். நீங்களும் கார், குளிர்சாதனம், கைப்பேசி என்று எதையாவது பழுது பார்க்கிறவர் என்றால் நான் விளக்கவே வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், தலைவலித் தைலம் மேசையிலேயே இருக்கிறது.

சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த பெட்டி

லெட்சுமி அக்கா கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கை விரிப்பில் மூட்டையாகக் கட்டி, பக்கத்து வீட்டுக்காரர் காரில் பாலம் தாண்டி எங்கள் தீவுக்குக் கொண்டுவந்தார். அவர் கணவர் மாரிமுத்து அண்ணன் ஆயுசு முழுக்கச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கால் போய்விட்டது. உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. இனி அந்தக் காலை நம்ப வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பேச்சு வந்துவிட்டது, ஆனால் மனுஷன் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். கோலாலம்பூரில் இருக்கும் மகள் மனசு கேட்காமல் ஒரு பெரிய கம்ப்யூட்டர், மூன்று திரை, ஸ்டீரிங், லோரி ஓட்டுகிற விளையாட்டு எல்லாம் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். இடது கால்தான் இல்லையே என்று ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மட்டும் உள்ள மிதியாகப் பார்த்து வாங்கியிருக்கிறாள். கியர் தானாக மாறிக்கொள்ளும்.

உட்கார்ந்த அன்றைக்கே அண்ணன் வாயைத் திறந்துவிட்டாராம். குறுக்கே வந்த காரை அவர் ஏசியதைக் கேட்டு அக்கா சமையலறையில் நின்று அழுதாராம். இப்போது வந்த தொல்லை இதுதான். லோரி மேடு ஏறும்போது மூன்று திரையும் கறுத்துப்போகிறது. சத்தம் மட்டும் கேட்கிறது. கொஞ்ச நேரத்தில் படம் தானாகத் திரும்பி வரும்போது லோரி கால்வாயில் கிடக்கிறது. இப்படிச் சில தடவை விழுந்ததும் அண்ணன் ஸ்டீரிங்கைத் தொடுவதையே விட்டுவிட்டார். பழையபடி சுவர்.

மேடு என்றால் மரம், மலை, தூரத்துக் காட்சி என்று கார்டுக்கு வேலை அதிகம், அதனால் மூச்சு வாங்குகிறது என்று நான் அந்த இடத்திலேயே தீர்ப்பு சொன்னேன். திரையும் ஒயரும் வீட்டிலேயே இருக்கட்டும், பெட்டி போதும் என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். மூன்று திரையை யார் மாடிக்குச் சுமப்பது? அக்கா படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “எனக்கு இந்த கேம்லாம் ஒண்ணும் தெரியாது தம்பி. அவரு வாயத் தொறந்து யாரையாச்சும் ஏசினாப் போதும்.”

கறி வாசனை

அக்காவின் பெட்டியைத் திறந்து, கார்டில் காய்ந்துபோயிருந்த வெப்பப் பசையை வழித்துப் புதிதாகத் தடவினேன். கார்டுக்குப் போகும் மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்து, விசிறியை முன்கூட்டியே வேகமாகச் சுற்றும்படி மாற்றினேன். பிறகு விளையாட்டில் லோரியை மேட்டில் ஏற விட்டுவிட்டு அடுத்த பெட்டியை இழுத்தேன். அது ஹனிபா பாயுடையது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பக்கத்தில் நாசி கண்டார் என்கிற கறிச்சோற்றுக் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மதியக் கூட்டம் குறைந்ததும் சமையல்கட்டுக்கு மேல் இருக்கிற அறையில் உட்கார்ந்து துப்பாக்கிச் சண்டை ஆடுவார்.

கார்டு கொதிக்கிறது, விசிறி அழுகிறது என்பது புகார். மூடியைக் கழற்றியதும் எனக்கும் சாந்திக்கும் ஒரே நேரத்தில் பசி வந்துவிட்டது. விசிறி இதழ் ஒவ்வொன்றிலும் மஞ்சள் எண்ணெய் தடவிவிட்ட மாதிரி படிந்திருந்தது. அதன்மேல் தூசி ஒட்டி, தூசிமேல் மறுபடி எண்ணெய். துடைத்துத் துடைத்து என் கை மீன்கறி மணத்தது. பெட்டியை எடுத்துப்போக வந்தவரிடம், கம்ப்யூட்டரை முன்னறைக்கு மாற்றுங்கள் பாய், அடுப்புப் புகை அங்கே வராது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவர் என்னை ரொம்பப் பாவமாகப் பார்த்தார்: “வாசனை வராத எடத்துல ஒக்காந்தா, கீழ கறி அடி பிடிக்கிறது எனக்கு எப்படித் தெரியும் தம்பி?”

மூடியைக் கழற்றாதவர்

சிலர் பழுதோடு வருவார்கள். சிலர் படிப்போடு வருவார்கள். இரண்டாவது வகையைக் கண்டால் நான் தைலத்தைத் தேடுவேன். ஒரு தம்பி வந்தார், பெயர் தினேஷ். வந்ததும் வராததுமாக வோல்டேஜ், மெமரி வேகம், எந்த டிகிரியில் கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று எனக்கே வகுப்பெடுத்தார். சந்தையில் இருப்பதிலேயே பெரிய கார்டாம். வாங்கி மாசக்கணக்காகியும் விளையாட்டு நொண்டி நொண்டி ஓடுகிறதாம். இணையத்தில் யார் யாரோ சொன்னபடியெல்லாம் முடுக்கிப் பார்த்துவிட்டாராம். இன்னும் கொஞ்சம் முடுக்கித் தர வேண்டுமாம்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கார்டின் முதுகில் திரை ஒயர் செருகுகிற ஓட்டைகள் எல்லாவற்றிலும் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் மூடி புத்தம் புதிதாக அப்படியே இருந்தது. தம்பி, வீட்டில் திரை ஒயரை எங்கே செருகியிருக்கீங்க என்று கேட்டேன். மேலே இருக்கிற இன்னொரு ஓட்டையைக் காட்டினார். அது கார்டுக்குச் சம்பந்தமே இல்லாத, கம்ப்யூட்டரோடு சும்மா வருகிற ஓட்டை. ஆக அந்தப் பெரிய கார்டு இத்தனை மாசமாக உள்ளே குளிர்காய்ந்துகொண்டு சும்மா இருந்திருக்கிறது. பக்கத்து மேசையில் அக்காவின் லோரி அலுக்காமல் மேடு ஏறிக்கொண்டிருந்தது, திரை ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. நான் மூடியை விரலால் நெம்பி எடுத்துக் கையில் கொடுத்தேன். தினேஷ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொன்னார்: “மூடியக் கழட்டினா வாரண்டி போயிடும்னு நெனச்சேன்லா அண்ணே.”

ஆயுத பூசை

ஆயுத பூசைக்கு மறுநாள் கடையைத் திறக்கும்போதே எனக்கு அலுப்பாக இருக்கும். என்ன வரும் என்று தெரியும். கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பது நல்ல விஷயம்தான், நானும் என் ஸ்குரூ டிரைவர்களுக்கு வைக்கிறேன். சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலை எஞ்சினியராக இருக்கிற பிரகாஷ் அதோடு நிற்கவில்லை. பெட்டியின் கண்ணாடியைத் திறந்து, கார்டின் மூன்று விசிறிக்கும் நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், கார்டைச் சுற்றி மல்லிகைச் சரம். சந்தனம் வேறு நல்லா தண்ணியாகக் கரைத்திருக்கிறார்கள்.

சூடம் காட்டி முடித்து, விளையாடலாம் என்று சுவிட்சைப் போட்டிருக்கிறார். மல்லிகை விசிறியில் சுற்றிக்கொண்டது. குங்குமம் பெட்டிக்குள் பறந்து மூலை முடுக்கெல்லாம் போய்விட்டது. வழிந்த சந்தனம் கார்டைச் செருகுகிற பள்ளத்தில் இறங்கிக் காய்ந்திருந்தது. அன்றைக்குப் பூராவும் பல் துலக்குகிற பிரஷ்ஷால் சாமி பிரசாதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மனசு சங்கடமாகத்தான் இருந்தது. ஏன் பிரகாஷ், பெட்டிக்கு மேலே ஒரு பொட்டு வைத்தால் ஆகாதா என்று கேட்டேன். “நானும் மேலதாண்ணே வெக்கப் போனேன், அம்மாதான் வேலை செய்யறதெல்லாம் உள்ளதானே இருக்கு, அங்க வைய்யின்னாங்க.”

திரும்பி வந்த பெட்டி

லெட்சுமி அக்காவின் பெட்டியைச் சரியாகிவிட்டது என்று சொல்லித்தான் அனுப்பினேன். வாரம் திரும்புவதற்குள் அதே விரிப்பில் அதே மூட்டை. அதே மேடு, அதே கறுப்பு. மின்சாரம் கொடுக்கிற பெட்டியையே மாற்றிப் பார்த்தேன். மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டேன். கம்ப்யூட்டரைக் கேட்டால் எனக்கு ஒன்றுமே நேரவில்லை என்கிறது, அதுவும் வாடிக்கையாளர் மாதிரியே பேசப் பழகிவிட்டது. எங்கள் மேசையில் காலையிலிருந்து கடை அடைக்கிற வரைக்கும் லோரி மலை மலையாக ஏறியது. திரை கண் சிமிட்டக்கூட இல்லை.

இதற்கிடையில் அக்கா போன் செய்தார். அண்ணன் மறுபடி பேச்சை நிறுத்திவிட்டாராம். ‘அதக் கழட்டி யாருக்காச்சும் குடுத்துடு’ என்றதுதான் கடைசியாக அவர் வாயிலிருந்து வந்ததாம். இந்தத் தடவையும் சரியாகவில்லை என்றால் மகளுக்கு அக்காவே சொல்லி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடப் போகிறாராம். போனை வைத்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனுஷன் பேசுகிறதும் பேசாததும் என் கையில் வந்து நிற்கிறது, எனக்குப் பழுதே தெரியவில்லை. சாந்தி நான் தொடாத பொட்டலத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நம்ம கடையில எல்லாமே நல்லாத்தான் ஓடுது, பேசாம அந்த அண்ணனையே இங்க கூட்டிட்டு வந்து ஒக்கார வெச்சிடலாம்.”

மேசைக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் எனக்கு ஓய்வு. அன்றைக்குப் பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு, பாலத்து நெரிசலில் ஊர்ந்து, சுங்கை பாக்காப் போய்ச் சேர்ந்தேன். அண்ணன் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். அண்ணே, நீங்க ஓட்டினாத்தான் எனக்குப் பழுது தெரியும், எனக்காக ஒரு தடவை ஓட்டுங்க என்றேன். ரொம்ப நேரம் கழித்துக் கையை நீட்டினார். நானும் அக்காவுமாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். பெட்டியைக் கீழே வைத்து எல்லா ஒயரையும் மாட்டிவிட்டு, கார்டின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று கைப்பேசி வெளிச்சத்தோடு மேசைக்கு அடியில் நான் படுத்துக்கொண்டேன்.

லோரி கிளம்பியது. கொஞ்சத் தூரத்திலேயே மேலேயிருந்து குரல் வந்தது. “சிக்னல் போடாம நொழையறான் பாரு, மடையன்.” எஞ்சின் சத்தம் கனத்தது, மேடு. அப்போது என் மூக்குக்கு நேராக, கைலிக்குள்ளிருந்து அண்ணனின் இடது பாதம் மெல்ல எழும்பி முன்னால் வந்து தரையில் அழுந்தியது. அது அழுத்திய இடத்தில் மூன்று திரைக்கும் மின்சாரம் கொண்டுபோகிற ஒயர் கிடந்தது. ஒயர் இழுபட்டு, சுவரில் தொளதொளவென்று இருந்த பிளக் அசைந்தது. “தம்பி, கறுத்துடுச்சு,” என்றார் அக்கா. பாதம் மெதுவாகப் பின்னுக்குப் போனது, பிளக் பழைய இடத்தில் உட்கார்ந்தது. “வந்துடுச்சு.”

அப்பாடா, கடைசியில் அகப்பட்டது என்று ஒயரை ஒதுக்கக் கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. இந்தக் கால் அசையாது என்றுதானே சொன்னார்கள்? அண்ணே, அந்த மேட்டில் இன்னொரு தடவை ஏறுங்க என்றேன். அவர் திருப்பிக்கொண்டு வந்து ஏறினார். பாதம் மறுபடி எழும்பியது, கிளச் இருக்க வேண்டிய இடத்தைத் தேடிப் போய் மிதித்தது. பாரம் ஏற்றிய வண்டி குலுங்கிவிடக் கூடாது என்பதுபோலப் பதமாக விட்டது. உணர்வில்லாத கால் என்பதால் அவருக்கே தெரியவில்லை. நான் அக்காவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவரும் என் பக்கத்தில் தரையில் படுத்தார். மூன்றாவது தடவை அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

“கீழ என்னலா பண்றீங்க ரெண்டு பேரும்?” என்றார் அண்ணன். “கார்டு ரோசாக்கா, கெட்டுப்போச்சா?”

அக்கா வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கால்மேல் கையை வைத்துச் சொன்னார்: “கார்டு நல்லாத்தாங்க இருக்கு, நீங்க கிளச்சு மிதிக்கிறீங்க.”

எந்தப் பழுதுக்கும் எல்லோரும் கார்டைத்தான் காட்டுவார்கள், நானும் அதைத்தான் திறப்பேன், திறந்து மூடி அலுத்துப்போன பிறகுதான் மேசைக்குக் கீழே குனிவேன் என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் கற்ற தொழில்.