விளையாட்டு அறையில் சத்தார்

குளிப்பாட்டும்போது சத்தார் முதலில் எடுப்பது அம்மா பொம்மையைத்தான். பிறகு அப்பா, இரண்டு பிள்ளைகள், கைக்குழந்தை. கண்ணில் சோப்பு படாமல் விரலால் மறைத்துக்கொள்வார். மரத்தில் மையால் வரைந்த கண்கள்தான்.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி. குழந்தைகளின் மனசைப் பரிசோதிக்கும் டாக்டர் மனோரமாவிடம் அவருக்கு நாலு வருஷமாக வேலை. அதற்கு முன் ஆம்பூர்த் தோல் ஷாப்பில், பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்துப் பதனிடும் இடத்தில், இருபது வருஷம். சுண்ணாம்பு தின்ற விரல்களில் ரேகை கிடையாது.

"இன்னா பாய், புள்ளைங்க குளிச்சாச்சா?" என்பார் வாட்ச்மேன் ஆதிகேசவன்.

"பெரியவன்தான் பேஜார் பண்றான். சோப்பு வாணாமாம்."

ஒவ்வொரு குழந்தையும் வருமுன் பொம்மைகள் சாக்கட்டிக் கோட்டுக்குள் அதே இடத்தில் இருக்க வேண்டும். குழந்தை விளையாடும், டாக்டர் திரைக்குப் பின்னாலிருந்து எழுதுவார். சத்தார் மூலையில் நிற்கலாம். பேசக் கூடாது, தொடக் கூடாது. சிரிப்பு வந்தால் துண்டை வாயில் அழுத்திக்கொள்வார்.

சென்ற வாரம் ஆம்பூரிலிருந்து சம்பூர்ணம் வந்தாள். ஐந்து வயது. பேச்சு இல்லை. பள்ளிக்கூடமா, புத்தி வளராத பிள்ளைகளின் விடுதியா என்று அன்று டாக்டர் எழுதித் தர வேண்டும். அம்மா தனகோடி வாசலில் காத்திருந்தாள்.

சம்பூர்ணம் பொம்மைக் குடும்பத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. துணியில் செய்த மாட்டுப் பொம்மையைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினாள். எடுத்து, மரக்கட்டையின்மேல் குப்புறப் போட்டு, அளவுகோலால் அழுத்தித் தேய்த்தாள். மறுபடி அமுக்கினாள். மறுபடி தேய்த்தாள். திரைக்குப் பின்னால் பேனா கீறியது. இம்சை செய்கிற குழந்தை என்றுதான் எழுதுவார்கள். அப்படி எழுதப்பட்ட இரண்டு பேர் விடுதிக்குப் போனதைச் சத்தார் பார்த்திருக்கிறார்.

"டாக்டரம்மா, எழுதாதீங்க. அது மாட்டெ அடிக்கல. ஊறுன தோலுல முடி வழிக்குது. ஸ்கேலெ ரெண்டு முனையிலயும் புடிச்சித் தள்ளுது பாருங்க. எனக்கே அந்தப் புடி வர்றதுக்கு ஆறு மாசமாச்சு."

"சத்தார், நீங்க பேசினா சோதனையே கெட்டுப்போச்சு. இந்த அறைக்கு நான் வேற ஆள்தான் பாக்கணும்."

"பாத்துக்கங்கம்மா. ஆனா புத்தியில்லாத புள்ளைக்கு இது வருமா?"

மனோரமா திரையை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், பிள்ளை தோல் வேலையைப் பார்த்திருக்கிறாளா என்று கேட்டார். தனகோடி மிரண்டு எழுந்தாள்.

"ஆமாங்க, அப்பன் தோலு வழிக்கிற கட்டகிட்டயேதான் குந்தியிருப்பா. நானும் வேலைக்குப் போய்ட்டா வூட்ல ஆருகிட்ட உடறது?"

டாக்டர் எழுதிய தாளை மடித்துக் கிழித்தார். "இன்னும் நாலு தடவை அழைச்சிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

உள்ளே, ஈர மாடு கட்டையிலிருந்து வழுக்கிக்கொண்டே இருந்தது. சம்பூர்ணம் நிமிர்ந்து சத்தாரைப் பார்த்தாள். அவர் எதிரே மண்டியிட்டு, மாட்டின் வாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.