சுமித்ரா போட்ட பலகை

தெரணியகலைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள் சுமித்ரா. தொழிலாளிகள் குடியிருக்கும் லயம் ஆற்றுக்கு இந்தப் பக்கம்; கடை, பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் ஓர் இரும்புப் பாலம். விக்டோரியா மகாராணி காலத்துத் துரை ஒருவர், தன் சப்பாத்து நனையக்கூடாதென்று சீமையிலிருந்து இரும்பு வரவழைத்துக் கட்டியது. தொழிலாளிகள் ஆற்றில் இறங்கித்தான் போனார்கள். துரைமார் கப்பலேறிய பிறகே பாலம் தொழிலாளிகளுக்குக் கிடைத்தது, துருவோடு.

போன மழைக்கு நடுப் பலகைகள் உக்கி விழுந்தன. தோட்ட ஆபீசில் போய்ச் சொன்னாள். "அது பிரதேச சபையோட பாலம்" என்றார்கள். சபையில் சொன்னாள். "அது தோட்டத்துப் பாலம்" என்றார்கள். ஒரு காலை, மகள் ஷாமிளா ஓட்டைக்குள் கால் போய், முழங்கால் கிழிந்து அழுதுகொண்டு வந்தாள். சுமித்ரா அதற்குப் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. அக்கரைக் கடைக்காரர் பஸ்லான் நானாவிடம் பழைய கதவுப் பலகைகளை வாங்கி, கம்பி போட்டுக் கட்டினாள்.

பலகை போட்டதுதான் தாமதம், பாலத்துக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார்கள். பழஞ்சின்னங்களைக் காக்கும் அரசாங்கக் கந்தோரிலிருந்து அதிகாரி மாத்தயா ஒருவர், ஜீப்பைக் கடையடியில் விட்டுவிட்டு, கெமராக்காரரோடு பாலத்தில் நடந்து லயத்துக்கு வந்தார்.

"யார் இதப் போட்டது?" சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான் மாத்தயா." சுமித்ராவும் சிங்களத்திலேயே சொன்னாள்.

"இது விக்டோரியா காலத்துப் பாலம்! கதவுப் பலகையப் போட்டு அசிங்கப்படுத்தியிருக்க. கழட்டு!"

"இப்பவேங்களா?"

"இப்பவே!"

 சுமித்ரா பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி லயத்துப் பக்கக் கரையில் அடுக்கினாள். கெமராக்காரர் அதையும் படமெடுத்தார். மாத்தயா ஜீப்புக்குப் போகத் திருப்தியோடு திரும்பினார். பாலத்தின் நடுவே ஆறு தெரிந்தது. மலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"நாங்க எப்படிப் போறது?" என்றார் மாத்தயா.

"அந்தக் காலத்துல எங்காளுங்க ஆத்துல இறங்கித்தாங்க போனாங்க."

மாத்தயா தண்ணீரைப் பார்த்தார். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். "சரி, தற்காலிகமாப் போடு."

"மறுபடி அசிங்கமாயிருமேங்க?"

"போடும்மா!"

அவர்கள் ஜீப்பேறிப் போன பிறகும் பலகையைக் கழற்றச் சொல்லி யாரும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்துக் கந்தோர் செலவில் புதுப் பலகைகள் வந்தன. கூடவே மேளம், ரிப்பன், மாத்தயாவின் பெயர் வெட்டிய கல். திறந்துவைக்க வேண்டிய பெரியவர் வரத் தாமதம். அதுவரை யாரும் பாலத்தில் ஏறக்கூடாதென்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

பள்ளிக்கூடப் பையோடு நின்ற ஷாமிளாவுக்காகச் சுமித்ரா ரிப்பனை ஒரு கையால் தூக்கிப் பிடித்தாள்.

"குனிஞ்சு போ, புள்ள. பஸ்ஸு போயிரும்."