மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சர்

காலை ஏழு மணி பத்து நிமிடம். பட்டர்வொர்த்தில் ஃபெரியை விட்டு இறங்கியதும் நான் முதலில் பார்த்தது, முன்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன என் அண்ணனின் சட்டையை. இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை. வாய்க்கால் ஓரமாகக் கெடா மாநில எல்லை வரை வெயிலில் மிதிக்கப்போகிறவர் யாரும் அப்படி உடுத்துவதில்லை. பிறையில் உள்ள தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்யும் நண்பர்கள் வெளியே காத்திருந்தார்கள். "என்னாண்ணே, பொண்ணு பாக்கவா போறோம்?" என்றார் அவர்களில் வாய் ஓயாத மெக்கானிக். அண்ணன் சிரிக்கவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், நாலு பேர் முன்னால், "உங்கம்மா வீட்டுக்கே போயேன்" என்று அண்ணன் அண்ணியிடம் சொல்லிவிட்டார். அண்ணி அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தாய்வீடு மூடா ஆற்றின் அக்கரையில். மாமியார் வீட்டுக்குக் கூப்பிடாமல் மாப்பிள்ளை போவதில்லை என்பது எங்கள் குடும்பத்து வீம்பு. அந்த வீட்டிலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. சுங்கை பினாங் பிளாட்டில் அண்ணன் தனியாக மாகி நூடுல்ஸ் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் இந்த எல்லைப் பயணத்தை ஏற்பாடு செய்தார். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு எந்த வீட்டு வாசலிலும் நிற்கலாம் அல்லவா?

அந்தப் பாதை அழகானது. வாய்க்கால் ஓரமாகவே ஓடும் ஒற்றைச் சாலை, இரு பக்கமும் பச்சை வயல், டிராக்டருக்குப் பின்னால் நடக்கும் கொக்குகள். போன மாதம் காரில் போனேன். சாலையை அகலப்படுத்தியிருக்கிறார்கள். வயல்களுக்கு நடுவே, விலை போகும் கூடுகளுக்காகக் குருவி வளர்க்கும் ஜன்னல் இல்லாத கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. குருவிகளை வரவழைக்க அவற்றின் ஒலிபெருக்கிகளில் குருவிச் சத்தம் நாள் முழுவதும் கேட்கிறது. அன்றைக்கு எங்கள் சைக்கிள் சங்கிலிகளின் சத்தம் மட்டுமே இருந்தது.

ஆற்றங்கரையில், எழுத்து தேய்ந்த பழைய எல்லைக்கல் அருகே அண்ணன் எல்லோரையும் நிறுத்தினார். ஒரு காலத்தில் இந்தக் கரை வெள்ளைக்காரன் கையில் இருந்தது, அந்தக் கரை சயாமுக்குக் கட்டுப்பட்ட கெடா என்று சொல்லத் தொடங்கினார். சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். "வரலாறு போதும்லா, பசிக்குது" என்றார் மெக்கானிக். அண்ணன் சைக்கிளில் ஏறிப் பாலத்தைக் கடந்தார்.

அண்ணியின் வீட்டு கேட்டுக்கு நேராக அவருடைய முன் டயரில் காற்று இறங்கியது. அவரே குனிந்து வால்வைத் திருகியதை நான் பார்த்தேன். மற்றவர்கள் பார்க்கவில்லை. நின்றுபோன இயந்திரத்தை அடுத்த நிமிடமே ஓட வைப்பது அவர்களுடைய பிழைப்பு. ஒருவர் சக்கரத்தைக் கழற்றினார், ஒருவர் டியூபைத் தடவினார், மெக்கானிக் பம்பை அடித்தார். வீட்டில் திரை அசைவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"ஓட்டையே இல்லண்ணே, வால்வுதான் லூசு. நம்மகிட்ட பஞ்சர்லாம் செனாங்தான், ரொம்ப ஈஸி! ஏறுங்க, போலாம்."

அண்ணனின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. "கொஞ்சம் தண்ணி கேட்டுப் பாக்கலாமா?" என்றார் மெதுவாக. உடனே மூன்று பாட்டில்கள் அவர் முன் நீண்டன. அவர் ஒன்றை வாங்கி ஒரு வாய் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு பின் சக்கரத்தின் பக்கம் போய்க் குனிந்தார்.

"ஐயையோ, பின்னாடியும் போச்சா!" மெக்கானிக் பம்போடு ஓடிவந்தார்.

கேட் திறந்தது. அண்ணி வாசலில் நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மகள்.

"தம்பி, அந்தப் பம்பை உள்ள வைங்க. ரெண்டு தடவையும் அவருதான் காத்தப் புடுங்கி விட்டாரு. ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அண்ணன் சட்டையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். வெள்ளைச் சட்டைக் கையில் சங்கிலி எண்ணெய் நீளமாக ஒட்டியிருந்தது.

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார், எங்கள் எல்லோர் முன்னாலும்.

அண்ணி அவரையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தார். "வெயில்ல நிக்காதீங்க. உள்ள வந்து சொல்லுங்க."

அங்கேயே சாப்பிட்டுவிட்டு நாங்கள் மட்டும் புறப்பட்டோம். மறுநாள் காலை ஷிப்டுக்கு அண்ணன் போகவில்லை.