வலது பக்கத்து ரப்பர் உறை

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள், ஒருத்தி செத்துப்போன என் தங்கையின் மகள். கையெழுத்துப் போடத் தெரியும், சம்பளத்துக்கு ஒருநாளும் பெருவிரல் வைத்ததில்லை. அதற்கு மேல் எழுத்து வராது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் கடைசி மகனின் மூத்தவள். இது அவள் அப்பாவின் ஜீப்பைப் பற்றியது.

எங்கள் ரப்பர் தோட்டம் எஹலியகொடைக்கு மேலே இருக்கிறது. நாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து தார் ரோட்டுக்குப் போக ஒரே வழிதான். நடுவில் ஓர் ஓடை, அதைத் தாண்டினால் செங்குத்தான ஏற்றம், பிறகுதான் இறக்கம். அந்த வழி யாருடையது என்று இன்றுவரை முடிவாகவில்லை. தோட்டத்தைக் கேட்டால் பிரதேச சபை என்பார்கள், சபையைக் கேட்டால் தோட்டம் என்பார்கள். மழை யாரையும் கேட்காமல் மண்ணை அள்ளிக்கொண்டு போனது. கல்தான் மிஞ்சியது.

மகன் பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கி ஆட்களையும் ரப்பர் ஷீட்டையும் ஏற்றி ஓட்டினான். அடிவயிறு கல்லில் இடிக்கிறது என்று அதை உயர்த்த நினைத்தான். எஹலியகொடையில் கராஜ் வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போனோம்.

"கொஞ்சமாத் தூக்குங்க தம்பி," என்றார் அவர். "ரொம்பத் தூக்கினா முன் எக்சல் சரிஞ்சு நிக்கும். பூட் தாங்காது."

"கொஞ்சமாத் தூக்கினா கல்லுக்குப் பத்தாது நானா."

"அப்ப கிழிஞ்ச பொறகு வாங்க."

மகன் வேறொரு கராஜில் தன் இஷ்டத்துக்கு உயர்த்திக்கொண்டு வந்தான். லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். "ஏன்டா, ஏணி எங்க? சேலை கட்டினவ எப்படிடா ஏறுறது?" என்றாள் எங்கள் அறைக்கு அடுத்த அறையில் இருக்கும் பக்கத்துக் காம்பராக்காரி. எனக்குப் பெருமைதான். அதன் பிறகு ஒரு கல்லும் இடிக்கவில்லை.

பூட் என்று நானா சொன்னது, எக்சல் தண்டு சக்கரத்தோடு சேரும் மூட்டுப் பகுதியைப் போர்த்தியிருக்கும் கறுப்பு ரப்பர் உறையை. மடிப்பு மடிப்பாக இருக்கும், உள்ளே கிரீஸ். ஜீப் உயர்ந்ததும் படுத்திருந்த எக்சல் சரிந்தது. உறையின் மடிப்புகள் ஒரு பக்கம் இழுபட்டன, மறுபக்கம் ஒன்றையொன்று தேய்த்தன. மழைக்காலம் முடிவதற்குள் வலது பக்கத்து உறை வாயைப் பிளந்தது. சக்கரத்தின் உட்புறமெல்லாம் கிரீஸ் தெறித்திருந்தது.

அப்போது மருமகளுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. கராஜில் விட்டால் ஜீப் சில நாள் வராது. மகன் பால் சேர்க்கும் தோட்டத்து ஸ்டோரிலிருந்து வாளியில் ரப்பர் பால் கொண்டுவந்தான். கிழிசலைத் துடைத்து, துணி சுற்றி, பாலைப் பூசிக் காயவைத்து, மறுபடி பூசினான். கிழிந்த சப்பாத்துக்கும் ஓட்டை வாளிக்கும் நாங்கள் செய்வது அதுதான்.

"ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு ரப்பர் உறைக்கு டவுனுக்குப் போறதா அம்மா?" என்றான்.

பிசிறில்லாமல் ஒட்டியிருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

மருமகளுக்கு ஒரு காலை வலி எடுத்தது. நல்ல மழை. பின்சீட்டில் அவளை என் மேல் சாய்த்துக்கொண்டேன். வளைவுகளில் திரும்பும்போது முன்னால் கடகடவென்றது.

"அத்தை, அது என்னா சத்தம்?"

"கல்லும்மா. நீ மூச்சை விடு."

ஓடையைத் தாண்டி ஏற்றத்தில் மகன் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பி ஆக்சிலேட்டரை மிதித்தான். முன் சக்கரத்தில் ஏதோ உடைந்தது. ஜீப் பின்னால் சறுக்கி மண்மேட்டில் சாய்ந்தது. பின் சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுற்றின. மகன் கீழே படுத்துப் பார்த்தான். பால் பூசிய இடம் பிசினாக ஊறித் தொங்கியது. மூட்டுக்குள் முழுதும் சேறும் மணலும்.

லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். கம்பளியைக் கம்பில் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். "என்னைய எறக்கி வெச்சிருங்க," என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தார் ரோட்டில் த்ரீவீல் பிடித்தோம். ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. ஆண் குழந்தை. அழவில்லை.

பேத்தி இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள்.

"இதையும் எழுதணுமா அப்பாயி?"

"எழுது."

மகன் உடைந்த எக்சலைச் சாக்கில் சுற்றி நானாவிடம் கொண்டுபோனான். நானா குத்திப் பேசவில்லை. பிசினை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "பூட் செய்றது வேற ரப்பர் தம்பி. ஒங்க பாலுக்கும் கிரீசுக்கும் ஆகாது. கிரீசு பட்டுச்சுன்னா ஊறிப்போயிரும்," என்றார்.

ஜீப்பைப் பாதி உயரத்துக்கு இறக்கினார். எக்சல் புறப்படும் நடுப்பெட்டியையும் இரும்புத் துண்டு வைத்துத் தாழ்த்தினார். எக்சல் மறுபடி படுத்தது. இரண்டு பக்கமும் புது உறை போட்டார். இப்போது அடிவயிறு கல்லில் இடிக்கிறது. இடிக்கட்டும்.

அன்றிலிருந்து ஜீப் திரும்பி வந்ததும் நான்தான் பார்க்கிறேன். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பச் சொன்னால் மடிப்புகள் விரியும். சேறு காய்ந்தால் ரப்பரை அரைக்கும், அதனால் முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன். பிறகு ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் விரலை விட்டுத் தடவுவேன். நான் பால் வெட்டிய காலத்தில் ரப்பர் மரத்தின் பட்டையில் கத்தி எவ்வளவு இறங்கியது என்று தடவிப் பார்த்த விரல் இது. வெடிப்பு கண்ணுக்குத் தெரியும் முன்னே இதற்குத் தெரியும். உறையைப் பிடித்திருக்கும் வளையத்தையும் அசைத்துப் பார்ப்பேன். விரலில் கிரீஸ் பட்டால் ஜீப் நானாவிடம் போகும், வேறெங்கும் போகாது. ஏற்றத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மிதிக்கவும் விடுவதில்லை.

"கெழவி மாட்டுக்கு மடி பாக்குது," என்கிறாள் பக்கத்துக் காம்பராக்காரி. சொல்லிவிட்டுப் போகட்டும்.

மருமகள் மறுபடியும் நிறைமாதமாக இருக்கிறாள். மழையும் பிடித்துவிட்டது. என் முழங்கால் மடங்க மறுக்கிறது. நேற்று இடது பக்கத்தை மட்டும் தடவ முடிந்தது, வலது பக்கத்துக்குக் குனிய முடியவில்லை. வலது பக்கத்தைத் தான் பார்த்துவிட்டதாக மகன் சொன்னான். கண்ணால் பார்த்தானா, கையால் பார்த்தானா என்று சொல்லவில்லை. நேற்று ஒரு முறை கேட்டேன், சற்று முன் மறுபடி கேட்டேன். "பாத்தேன்னா பாத்தேம்மா," என்று குளிக்கப் போய்விட்டான்.

எங்கே, எழுதினவரைக்கும் வாசி. ஒங்கப்பா தலை தொவட்டிக்கிட்டு உள்ள வர்றான், அவனுக்குக் கேக்குற மாதிரி சத்தமா வாசி.