விக்கிரமசிங்கபுரத்திலிருந்து சாத்தான்குளம்: பவளத்தைக் கொண்டுபோன வழியும் செலவும்

ஒரு குதிரையை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோக என்ன வழி, என்ன செலவு என்று இரண்டு மாதங்களுக்கு முன் தேடினேன். தமிழில் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. வழக்கமாக இந்தத் தளத்தில் பேருந்துப் பயணங்களைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை ஒரு லாரியின் பின்புறம் நின்றபடி நூறு கிலோமீட்டர் போனதை எழுதுகிறேன். இதே தேவை இன்னொருவருக்கும் வரலாம்.

குதிரை என் அண்ணனுடையது. அண்ணன் கோமதிநாயகம் என்னைவிட எட்டு வயது மூத்தவன். விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றான். கைக்கு வந்த பணத்தில் எல்லோரும் வீட்டுக்கு மாடி எடுப்பார்கள். இவன் போய் ஒரு பெண் குதிரையை வாங்கி வந்தான். செக்கச்சிவந்த நிறம், அதனால் பவளம் என்று பெயர். கல்யாண ஊர்வலம், கோயில் கொடைவிழா என்று அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பவளம் போகாத தெரு கிடையாது. இப்போது அதற்குப் பதினான்கு வயது.

போன வருடம் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ், குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் பாரம் தூக்கக் கூடாது, கயிறு சுற்றக் கூடாது, அடிபடவே கூடாது. ஆகவே புல் அறுப்பது, லத்தி அள்ளுவது, குளிப்பாட்டுவது எல்லாம் மதினி தலையில் விழுந்தது. வாரம் மூன்று நாள் அண்ணனோடு ஆஸ்பத்திரிக்கும் அவள்தான் போக வேண்டும். ஒரு வருடம் தாக்குப்பிடித்தாள். தை பிறந்ததும் எனக்குப் போன் செய்தாள்.

“ரெண்டு பேரையும் என்னால சொமக்க முடியலட்டி. ஒரு நல்ல இடமாப் பாரு.”

இடம் கிடைத்தது. சாத்தான்குளத்துக்கு வெளியே பனங்காட்டை ஒட்டி கிரேஸ் டீச்சர் என்று ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை, என் அலுவலகத் தோழிக்கு உறவு. அவரிடம் இரண்டு குதிரைகள் இருந்து, மழைக்காலத்தில் ஒன்று இறந்துபோனது. மிஞ்சிய வெள்ளைக் குதிரை தனியாக நின்று தீனி எடுக்க மறுத்தது. துணைக்கு ஒரு குதிரை வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் விற்க மாட்டேன் என்றான். டீச்சரும் விலை பேசவில்லை. கொண்டுவருகிற செலவில் பாதியை அவர் தருவதாக மட்டும் பேச்சு.

முடிவானது முதல் அண்ணன் மதினியோடு பேசவில்லை. கேட்டதற்கு ‘ம்’ என்பான். ஒரு வாரம் அப்படியே போனது.

நான் விசாரித்த வழிகளைச் சொல்லிவிடுகிறேன். குதிரைக்கென்றே செய்த வண்டி கோயம்புத்தூரில் இருக்கிறது. ஏறுவதற்குச் சாய்தளம், பக்கவாட்டில் மெத்தை, கூடவே ஓர் ஆள். ஆனால் அது அங்கிருந்து காலியாக வந்து, காலியாகத் திரும்ப வேண்டும். நாற்பத்திரண்டாயிரம் கேட்டார்கள். வேறு குதிரைகளை ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வரும்போது சேர்த்துக்கொண்டால் பதினைந்தாயிரம், ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ரயிலை முதலிலேயே விட்டுவிட்டேன், சாத்தான்குளத்தில் ரயில் நிலையமே இல்லை.

நடத்திக் கூட்டிப் போவதுதான் மலிவு என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டதும் அந்த நினைப்பு போய்விட்டது. நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் என்றால் நான்கு நாள். இரண்டு ஆட்களுக்குக் கூலி எட்டாயிரம், தங்கலுக்கும் தீனிக்கும் நாலாயிரம், தார்ச் சாலைக்குப் புது லாடம் ஆயிரத்தைந்நூறு. பதின்மூன்றாயிரத்தைந்நூறு ஆகிறது. குட்டியானை என்று நாம் சொல்லும் சின்ன வண்டிக்கு மூவாயிரத்தைந்நூறுதான். கால்நடை மருத்துவர் கூடவே கூடாது என்றார். நிற்கிற குதிரையின் பாரம் முழுக்க மேலே இருக்கும், வளைவில் வண்டியே சாய்ந்துவிடுமாம்.

மிஞ்சியது பதினான்கு அடி லாரி. போக வர ஏழாயிரத்தைந்நூறு. லாரிக்காரர் இசக்கிமுத்து பாபநாசத்துக்காரர், மாடு ஏற்றிப் பழக்கம் உள்ளவர். வெள்ளிக்கிழமை என்று குறித்தோம். வியாழன் டயாலிசிஸ் முடிந்திருக்கும், அடுத்தது சனிக்கிழமை. அண்ணன் தானும் வருவேன் என்று சொல்லிவிட்டான், அதனால் வேறு நாள் கிடையாது.

காலை ஐந்தரைக்கு வாய்க்கால் கரையை ஒட்டி லாரியைப் பின்புறமாக நிறுத்தினார்கள். கரை மேடும் லாரியின் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தன, பலகை போட்டுச் சரிக்க வேண்டியிருக்கவில்லை. தளத்தில் மணல் பரப்பி, மேலே வைக்கோல், பக்கங்களில் வைக்கோல் திணித்த சாக்கு. எல்லாம் சரியாக இருந்தது. பவளம் மட்டும் ஏறவில்லை.

ஏற்றுவதற்கு வந்த இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அது பின்னங்காலை ஊன்றிக்கொண்டு தலையை உதறியது. அரை மணி நேரம் இப்படியே. வாயோரம் நுரை தள்ளிவிட்டது. பொறுமை போன ஒருவர் கம்பை ஓங்கினார்.

“கம்பக் கீழ போடுவே!”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்துவிட்டான். அவ்வளவு சத்தமாக அவன் பேசி நான் கேட்டு ஒரு வருடம் ஆகிறது. மதினி ஓடிப்போய் முன்னால் நின்றாள். “கையி, கையப் பாத்துக்கிடுங்க.” அவன் இடது கையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டு, வலது கையால் கயிற்றை வாங்கினான். அதை இழுக்கவில்லை, தளர விட்டான். பிறகு பவளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தானே லாரிக்குள் பைய நடந்து போய், உள்ளே அப்படியே நின்றான்.

ஒரு உதறல் வந்தால் போதும், அந்தக் கை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மதினிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பவளம் கழுத்தை நீட்டி அவன் முதுகை மோந்தது. ஒரு காலை உள்ளே வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. லாரித் தளம் தடதடக்க உள்ளே போய் அவன் பக்கத்தில் நின்றது.

அண்ணனைக் கீழே இறக்கியபோது முகம் வெளுத்திருந்தது. பின்னாலேயே உட்கார்ந்து வருவேன் என்றான். இசக்கிமுத்து ஒத்துக்கொள்ளவில்லை.

“வேண்டாம் அண்ணாச்சி. நீங்க முன்னால உக்காருங்க. பின்னால ஒரு சின்ன ஜன்னல் இருக்கு, தொறந்து விடுதேன். நீங்க சத்தம் குடுத்தா அதுக்குக் கேக்கும். கூட நிக்க அக்கா வரட்டும்.”

அக்கா என்றது என்னை. குதிரைக்கு ஐந்தடி தூரத்தில் நின்றே பழகியவள் நான். குறுக்கே கட்டிய மூங்கிலுக்கு இந்தப் பக்கம், ஒரு சாக்கு மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதினி வரவில்லை. பவளத்தின் நெற்றியைக்கூடத் தொடவில்லை. லாரி கிளம்பும் முன்பே வீட்டுக்குள் போய்விட்டாள்.

அம்பாசமுத்திரம், பாப்பாக்குடி வழியாக முக்கூடல் வரைக்கும் முப்பது கிலோமீட்டருக்குள்தான். மணிக்கு முப்பதுக்கு மேல் இசக்கிமுத்து போகவில்லை. இரண்டு பக்கமும் நெற்கதிர் முற்றிக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கத் தைரியமில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் பவளம் தடுமாறியது, லாடம் பலகையில் அடித்தது, நானும் கூடவே விழப்போனேன். முக்கூடல் தாண்டும்போது அதன் கழுத்தெல்லாம் வியர்வை. ஆற்றோரம் ஒரு மருத மரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அண்ணன் இறங்கி வந்து, லாரிப் பலகையின் இடைவெளியில் வலது கையை விட்டு வாளித் தண்ணீரை அளைந்தான். சளக் சளக்கென்று அந்தச் சத்தம் கேட்டதும் பவளம் குனிந்தது. அரை வாளி குடித்தது.

இசக்கிமுத்து கடையிலிருந்து சோடா வாங்கி வந்து நீட்டினார். “குடிங்க அண்ணாச்சி, வெயிலு ஏறுது.”

“எனக்கு ஒரு நாளைக்கு முக்கா லிட்டருதான்வே,” என்றான் அண்ணன். அதில் ஒரு மடக்கு வாயில் ஊற்றி வெகுநேரம் வைத்திருந்துவிட்டு விழுங்கினான். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தான். பத்தடி தள்ளி ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

திருநெல்வேலியைத் தாண்டிய பிறகு ஒரு வளைவில் இருசக்கர வண்டி ஒன்று குறுக்கே வந்துவிட்டது. இசக்கிமுத்து பிரேக்கை மிதித்தார். பவளத்தின் முன்னங்கால்கள் மடங்கி முட்டி தரையில் இடித்தது. மூங்கில் நெரிந்த சத்தம் கேட்டது. எழுந்து நின்றபோது முட்டியில் ரத்தம். காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய, பலகையை உதைக்கத் தொடங்கியது. நான் மூலையோடு ஒட்டிக்கொண்டேன்.

ஜன்னலில் அண்ணன் முகம் தெரிந்தது. “என்னாச்சுட்டி?”

“முட்டியில அடி. ரத்தம் வருதுண்ணே. நிக்கா, ஆனா ரொம்ப உதைக்கா.”

அவன் அப்போதுதான் பேச ஆரம்பித்தான். என்னிடம் அல்ல. ஊர்வலத்தில் பேசுகிற அதே அடங்கிய குரலில், முன்னால் கண்ணாடியில் தெரிவதை எல்லாம் பவளத்துக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். “ஒண்ணுமில்லம்மா, பஸ்ஸு ஒண்ணு வருது, சத்தம் கேக்கும். இந்தா போயிட்டு. இப்ப வேகத்தடை, பைய, பைய ஊனி நில்லு. அங்கன ஆடு போவுது. இனி நல்ல ரோடுதான். இடது பக்கம் திரும்புதோம், சாஞ்சுக்கோ.”

அதற்கு என்ன புரிந்ததோ தெரியாது. காது முன்னால் வந்தது, உதைப்பது நின்றது. எனக்கு நன்றாகவே புரிந்தது. அவன் வேகத்தடை என்றால் நான் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன், இடது பக்கம் என்றால் சாய்ந்துகொண்டேன். மூலைக்கரைப்பட்டி வழியாகச் சாத்தான்குளம் வரை ஒன்றரை மணி நேரம் அவன் நிறுத்தவே இல்லை. குரல் கம்மி, கடைசியில் காற்றாகத்தான் வந்தது. அந்தத் தொண்டைக்கு அவன் தண்ணீர் கேட்கவில்லை.

பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கிரேஸ் டீச்சர் வாசலிலேயே நின்றார். லாரி உயரத்துக்குச் செம்மண்ணைக் கொட்டி மேடு போட்டு வைத்திருந்தார். “ஏறுதத விட எறங்குததுதான் கஷ்டம்னு சொன்னாங்க, அதான்,” என்றார். பவளம் தானாகவே இறங்கியது. டீச்சர் முதலில் முட்டியைக் கழுவி மருந்து போட்டார், தோல்தான் உரிந்திருந்தது. இன்னொரு வாளி தண்ணீரையும் அது குடித்து முடித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் குதிரை ஓடி வந்து நின்றது. இரண்டும் மூக்கோடு மூக்கு வைத்து மோந்தன. பவளம் ஒரு தடவை வீரிட்டுக் கத்தி முன்னங்காலால் மண்ணை அறைந்தது. பிறகு அமைதி. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு டீச்சர் படலைத் திறந்துவிட்டார். இரண்டும் பனைகளுக்கு நடுவே மேய்ந்துகொண்டே விலகிப் போயின.

அண்ணன் படலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பவளம் ஒரு தடவையாவது திரும்பிப் பார்க்கும் என்று நான் காத்திருந்தேன். பார்க்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

“அண்ணே, ஒரு மட்டம் கூப்பிடேன்.”

அவன் தலையை ஆட்டினான். “கூப்பிட்டா வந்துருவாட்டி. அதனாலதான் கூப்பிடல.”

டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும்போது மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்து வந்தோம். அண்ணன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

கணக்கு இதுதான்: லாரி வாடகை 7,500, ஏற்றிய ஆட்கள் இருவருக்கு 1,600, மணல், வைக்கோல், மூங்கில், சாக்குக்கு 2,100, மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்த்துச் சான்று கொடுத்ததற்கு 700. மொத்தம் 11,900. பாதியை டீச்சர் கொடுத்தார். மண்மேடு அவருடைய சொந்தச் செலவு.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம். மருத்துவர் சான்று இல்லாமல் கிளம்பாதீர்கள், வழியில் கேட்பார்கள். ஏற்றுகிற இடத்தில் மட்டுமல்ல, இறக்குகிற இடத்திலும் மேடு இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். முட்டிக்குத் துணிக்கட்டு போட வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று, நீங்கள் போடுங்கள். மணிக்கு நாற்பதைத் தாண்டாத ஓட்டுநராகப் பாருங்கள், அதற்காக ஆயிரம் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடலாம். கையில் பணமும் குதிரைக்கு வயதும் அதிகமென்றால் கோயம்புத்தூர் வண்டிதான் நல்லது. எது எப்படியோ, குதிரை குரல் அறிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். இதற்கு எந்த வண்டியிலும் மாற்று இல்லை.

ஐந்து மணிக்கு வீடு வந்தோம். மதினி வாசலில் நின்றாள். பவளம் நின்ற கொட்டடியைக் கழுவிவிட்டிருந்தாள், தரை இன்னும் ஈரமாக இருந்தது. லாரி நின்றதும் அண்ணனிடம் கேட்டாள்.

“தண்ணி குடிச்சாளா?”

ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் அவளிடம் ‘ம்’ என்பதற்கு மேல் பேசினான். “முக்கூடல்ல அரை வாளி. அங்கன போயி ஒரு வாளி.” குரலே எழும்பவில்லை. “நீயும் வந்திருக்கலாம்லா.”

“வந்திருந்தா திருப்பிக் கூட்டிட்டு வந்திருப்பேன்,” என்றாள் மதினி. அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வருடமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை.

அண்ணன் வலது கையை அவள் பக்கம் நீட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கையைப் பிடித்து, அவனை லாரியிலிருந்து பைய இறக்கினாள்.